டபுள் சீல் பம்புல பேரியர் பிரஷர் எவ்ளோ வைக்கணும், எப்படி வைக்கணும்

பம்ப் மெயின்டனன்ஸ்ல புதுசா வர்ற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி, "அண்ணா இந்த சீல் பாட்ல எத்தனை பார் வைக்கணும்?" அப்படின்னுதான். டபுள் சீல் பம்புல ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்துல ரெண்டு மெக்கானிக்கல் சீல் இருக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல ஓடுற திரவத்த வச்சிருக்கிற சின்ன டேங்க்தான் சீல் பாட், அந்த திரவத்துக்கு வைக்கிற பிரஷர்தான் பேரியர் பிரஷர். நான் உடனே நம்பர் சொல்ல மாட்டேன், திருப்பி ஒரு கேள்வி கேப்பேன், "அந்த பம்போட சீல் சேம்பர்ல பிரஷர் எவ்ளோ?" சீல் சேம்பர்னா பம்புக்குள்ள சீல் உக்காந்திருக்கிற இடம், அங்க எவ்ளோ பிரஷர்னு தெரியாம பேரியர் பிரஷர் வைக்க முடியாது. போன தடவை 4 வச்சிருந்தாங்க, பக்கத்து பம்புல 6 இருக்கு, அதனால இதுலயும் வைப்போம்னு வச்சுட்டுப் போறதாலதான் பாதி சீல் ஆறு மாசத்துல கழண்டு வருது. பேரியர் பிரஷர்ங்கிறது தனியா நிக்கிற ஒரு நம்பர் கிடையாது, அது எப்பவும் சீல் சேம்பர் பிரஷருக்கு மேல எவ்ளோங்கிறதுதான்.

முதல்ல ஒரு விஷயத்த தெளிவு பண்ணிக்கலாம். ரெண்டு சீல் இருந்தா எல்லாமே பேரியர் சிஸ்டம் ஆகிடாது. பம்ப் சீலுக்கான ஸ்டாண்டர்ட் ஏபிஐ 682ல ரெண்டு சீலுக்கு நடுவுல இருக்கிற திரவத்துக்கு பிரஷர் ஏத்தாம வச்சா அது அரேஞ்ச்மென்ட் 2, அந்த திரவத்துக்கு பேரு பஃபர், அதுக்கான பைப்பிங் அமைப்பு பிளான் 52. பிராசஸ் பிரஷரைவிட அதிகமா பிரஷர் ஏத்தி வச்சா அரேஞ்ச்மென்ட் 3, அப்பதான் அது பேரியர், அதுக்கு பிளான் 53ஏ, 53பி, 53சி, 54. பாக்கறதுக்கு 52 பாட்டும் 53ஏ பாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே டேங்க், அதே லெவல் கிளாஸ், அதே ரெண்டு லைன். ஆனா 52ல மேல இருக்கிற லைன் ஃப்ளேருக்கோ வென்ட்டுக்கோ போகும், 53ஏல அதே இடத்துல நைட்ரஜன் உள்ள வரும். லைன ட்ரேஸ் பண்ணாம கை வைக்காதீங்க, டேட்டா ஷீட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க. 52க்குன்னு போட்ட பம்புல உள் சீல் ரிவர்ஸ் பிரஷர் தாங்குற டிசைனான்னு தெரியாம நைட்ரஜன் ஏத்துனா ஃபேஸ், அதாவது சீல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சுத்துற ரெண்டு பரப்பு, திறந்துக்கும், பேரியர் திரவம் மொத்தமும் பம்புக்குள்ள போயிடும்.

ஏன் அதிகமா வைக்கிறோம்னா, சீல் ஃபேஸ் ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் ஒரு மெல்லிசான திரவப் படலம் ஓடிக்கிட்டே இருக்கணும், எந்தப் பக்கம் பிரஷர் அதிகமோ அந்தப் பக்கத்து திரவம்தான் அந்தப் படலமா மாறும். பேரியர் அதிகமா இருந்தா சுத்தமான பேரியர் ஆயில் உள் ஃபேஸ நனைக்கும், கொஞ்சமா பிராசஸுக்குள்ள போகும், அது பரவால்ல. பேரியர் குறைஞ்சா பிராசஸ்ல இருக்கிற மண்ணு, கிரிஸ்டல், பாலிமர், ஆசிட் எதுவா இருந்தாலும் ஃபேஸுக்குள்ள வரும், அதோட நிக்காம பேரியர் திரவத்துல கலந்து வெளி சீலையும் கெடுக்கும். அதாவது பிரஷர் தலைகீழானா ஒரு சீல் போறதில்ல, ரெண்டும் போகுது.

எவ்ளோ அதிகம்னா, ஏபிஐ 682 சொல்ற குறைஞ்சபட்சம் 1.4 பார், அதாவது 20 பிஎஸ்ஐ. நடைமுறையில 1.5லேர்ந்து 2 பார் வரைக்கும் மேல வைப்பாங்க. கேஸ் சீல், அதாவது திரவத்துக்கு பதிலா கேஸையே பேரியரா குடுக்கிற பிளான் 74 ஆ இருந்தா குறைஞ்சது 1.75 பார். இந்த நம்பர் எல்லாருக்கும் தெரியும், இதுல யாரும் தப்பு பண்றதில்ல. எதுக்கு மேல 1.4ங்கிறதுலதான் தப்பு நடக்குது.

சீல் சேம்பர் பிரஷர் கண்டுபிடிக்கிறது

சேம்பர் பிரஷர் சக்‌ஷன் பிரஷரும் கிடையாது, டிஸ்சார்ஜ் பிரஷரும் கிடையாது, பெரும்பாலும் நடுவுல எங்கயோ இருக்கும். எங்கங்கிறது பம்போட அமைப்ப பொறுத்தது. ஓவர்ஹங் பம்புல இம்பெல்லர்ல பேலன்ஸ் ஹோல் (பின்பக்க பிரஷர குறைக்கிற துளை), பின்னாடி வேர் ரிங் (கசிவ குறைக்கிற, தேயுற வளையம்) எல்லாம் இருந்தா சேம்பர் பிரஷர் சக்‌ஷனுக்கு கிட்டக்க இருக்கும், சக்‌ஷன் கூட டிஃபரன்ஷியல் பிரஷர்ல, அதாவது பம்புக்குள்ள வர்ற பிரஷருக்கும் வெளிய போற பிரஷருக்கும் உள்ள வித்தியாசத்துல, ஒரு 10 சதவீதம் சேத்துக்கிறது ஒரு கை கணக்கு. பின்னாடி வேன் மட்டும் வச்ச இம்பெல்லர்னா அது 25 சதவீதம் வரைக்கும் போகலாம். பேலன்ஸ் ஹோல் இல்ல, பின் வேர் ரிங்கும் இல்லன்னா டிஸ்சார்ஜுக்கு கிட்டக்க போயிடும். டபுள் சக்‌ஷன் பம்புல ரெண்டு பக்கமும் சக்‌ஷன் பிரஷர். மல்டிஸ்டேஜ்ல ஒரு பக்கம் சக்‌ஷன், இன்னொரு பக்கம் பேலன்ஸ் லைன் எங்க போகுதோ அந்த பிரஷர், கூட அந்த லைன்ல ஏற்படுற இழப்பு. வெர்டிகல் டர்பைன் பம்புல சீல் மேல டிஸ்சார்ஜ் பக்கம் உக்காந்திருக்கிறதால டிஸ்சார்ஜ் பிரஷரே வந்துடும், சக்‌ஷனுக்கு திருப்பி விடுற பிளான் 13 லைன் இருந்தா மட்டும்தான் குறையும்.

இதெல்லாம் மதிப்பீடுதான், இத மட்டும் நம்பி செட்டிங் பண்ணாதீங்க. பம்ப் டேட்டா ஷீட்ல சேம்பர் பிரஷர் போட்டிருக்கும், அத எடுங்க. அதவிட நல்லது சேம்பர்லயோ ஃப்ளஷ் போர்ட்லயோ ஒரு கேஜ் மாட்டி ஓடும்போது நேரா படிக்கிறது. ஆபத்தான திரவமா இருந்தா ஓடுற பம்புல போய் பிளக்க கழட்டாதீங்க, ஷட்டவுன்ல கேஜ் பாயின்ட் போட்டு வச்சுக்கணும். நான் இத ரொம்ப வலியுறுத்துறதுக்கு காரணம் இருக்கு. பின் வேர் ரிங் தேய தேய கிளியரன்ஸ் பெருசாகும், சேம்பருக்கு வர்ற கசிவு அதிகமாகும், பேலன்ஸ் ஹோல் அதே சைஸ்லதான் இருக்கும், அதனால சேம்பர் பிரஷர் மெதுவா ஏறிக்கிட்டே போகும். பம்ப் புதுசா இருந்தப்ப சரியா இருந்த பேரியர் செட்டிங் அஞ்சு வருஷம் கழிச்சு பத்தாம போறது இதனாலதான், யாரும் எதையும் மாத்தல, ஆனா சீல் மட்டும் போய்கிட்டே இருக்கும், எல்லாரும் சீல் கம்பெனிய திட்டிக்கிட்டு இருப்பாங்க.

அடுத்தது, நார்மல் பிரஷர் போதாது, மோசமான நிலைமையில எவ்ளோ வரும்னு பாக்கணும். ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். சக்‌ஷன் டிரம்ல நார்மலா 2 பார், அதோட ரிலீஃப் வால்வு 3.5 பார்ல திறக்கும். டிரம் லெவலுக்கும் பம்புக்கும் 10 மீட்டர் உயரம், தண்ணி மாதிரி அடர்த்தின்னு வச்சுக்கோங்க, அது ஒரு 1 பார். பம்போட டிஃபரன்ஷியல் 10 பார், அதுல 15 சதவீதம் சேம்பருக்கு வருதுன்னா 1.5 பார். நார்மலா சேம்பர் பிரஷர் 2 கூட 1 கூட 1.5, மொத்தம் 4.5 பார். இதுக்கு மேல 1.4 வச்சா 5.9. ஆஹா கரெக்டா இருக்குன்னு விட்டுட்டுப் போயிடுவோம். ஆனா ஒரு நாள் டிரம் பிரஷர் ஏறி ரிலீஃப் வரைக்கும் போகுது, அப்ப சேம்பர் 3.5 கூட 1 கூட 1.5, மொத்தம் 6.0. உங்க பேரியர் 5.9. பிராசஸ் உள்ள வந்துடுச்சு, அரை மணி நேரம் போதும், அந்த அரை மணி நேரத்துல வந்தது பேரியர் ஆயில்லயே தங்கிடும். அதனால கணக்கு 6.0லேர்ந்து ஆரம்பிக்கணும், 6.0 கூட 1.4, 7.4. இதுதான் எந்த நேரத்துலயும் கீழ போகக்கூடாத எல்லை. செட்டிங் 8 வைங்க, லோ பிரஷர் அலாரம் 7.5ல வைங்க. எல்லாமே கேஜ் பிரஷர்ல சொல்றேன்.

மோசமான நிலைமைன்னா டிரம் பிரஷர் மட்டும் இல்ல. டிஸ்சார்ஜ் மூடின நிலையில பம்ப் ஓடுறது, ஸ்டார்ட் பண்ற நேரம், பம்ப் நின்னு இருக்கும்போது ஹெடர்லேர்ந்து வார்ம் அப் லைன் (நிக்கிற பம்ப சூடா வச்சுக்கிற லைன்) வழியா பின்னாடி வர்ற பிரஷர், எல்லாத்தையும் கணக்குல எடுக்கணும். கடைசியா சொன்னத நான் கண்ணால பாத்திருக்கேன். நான் வேலை பாத்த ஒரு இடத்துல ரெண்டு பம்ப், ஒண்ணு ஓடும் ஒண்ணு ஸ்டான்ட்பை. ஸ்டான்ட்பை பம்ப் நிக்குதேன்னு யாரோ நைட்ரஜன் வால்வ மூடிட்டாங்க, பாட்ல பிரஷர் ஒரு வாரத்துல மெதுவா இறங்கிடுச்சு, ஆனா பம்ப் கேசிங் வார்ம் அப் லைன்ல முழுசா பிரஷரோடதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. வாரம் கழிச்சு போய் பாத்தா பாட் லெவல் மேல போயிருக்கு, கிளாஸ்ல ஆயில் கருப்பா இருக்கு. பம்ப ஒரு நிமிஷம் கூட ஓட்டல, சீல் போயிடுச்சு. அன்னிலேர்ந்து எனக்கு நிக்கிற பம்ப் மேலதான் பயம் அதிகம். பம்புக்குள்ள பிராசஸ் இருக்கிற வரைக்கும் பேரியர் பிரஷர் இருக்கணும், அது ஓடுதா நிக்குதாங்கிறது விஷயமே இல்ல.

சரி அப்ப பாதுகாப்பா இருக்கட்டும்னு 15 பார் ஏத்திடலாமான்னு கேப்பீங்க. கூடாது. வெளி சீலுக்கு ஒரு பக்கம் பேரியர், இன்னொரு பக்கம் வெறும் காத்து, அதனால பேரியர்ல எவ்ளோ ஏத்துறீங்களோ அவ்ளோவும் வெளி சீல் மேலதான் விழும். சூடு அதிகமாகும், கார்பன் ஃபேஸ்ல கொப்பளம் வரும், ஆயில் கருகி காத்துப் பக்கம் கட்டியா படியும், ஃபேஸ் சீக்கிரம் தேயும், பேரியர் செலவும் கூடும். உள் சீலுக்கும் ரிவர்ஸ் பக்கத்துல எவ்ளோ தாங்கும்னு ஒரு எல்லை உண்டு. தேவைக்கு மேல 2 பார் வரைக்கும் இருந்தா பரவால்ல, அதுக்கு மேல ஏத்துறதுக்கு முன்னாடி சீல் டிராயிங்க பாருங்க.

53ஏ செட் பண்றது

53ஏதான் எளிசு. பாட்ல ஆயில், மேல நைட்ரஜன், ரெகுலேட்டர்ல திருகி வைக்கணும், அவ்ளோதான். ஆனா ரெண்டு எல்லை இருக்கு. ஒண்ணு, நைட்ரஜன் ஹெடர் பிரஷர். மேல போட்ட கணக்குல 8 பார் வேணும், உங்க ஹெடர் 6 பார்ல ஓடுதுன்னா ரெகுலேட்டர எவ்ளோ திருகினாலும் 8 வராது, இத டிசைன் நேரத்துல பாக்காம விட்டு கமிஷனிங் அன்னிக்கு தலைய பிச்சுக்கிறவங்கள பாத்திருக்கேன். ஹெடர் ஏறி இறங்கினாலும் அதோட குறைஞ்சபட்ச பிரஷரே செட்டிங்குக்கு மேல இருக்கணும். ரெண்டாவது, நைட்ரஜன் நேரா ஆயில் மேல உக்காந்திருக்கிறதால அது ஆயில்ல கரையும், பிரஷர் ஏற ஏற அதிகமா கரையும். அந்த ஆயில் வெளி சீல் ஃபேஸுக்குள்ள போகும்போது பிரஷர் திடீர்னு இறங்குது, சூடும் ஏறுது, கரைஞ்ச கேஸ் குமிழா வெளிய வரும், ஃபேஸ் காஞ்சு போகும். சோடா பாட்டில திறந்தா பொங்குற மாதிரிதான். அதனாலதான் 53ஏவ 10 பார் கிட்ட வரைக்கும்தான் யூஸ் பண்ணுவாங்க, அதுக்கு மேலன்னா 53பிக்கு போயிடணும்.

பைப்பிங் சரியா இல்லன்னா பிரஷர் எவ்ளோ கரெக்டா வச்சாலும் பிரயோஜனம் இல்ல. பாட்ல நார்மல் லெவல் கிளாண்ட் பிளேட்டுக்கு (சீல பம்போட பிடிச்சு வைக்கிற தட்டு) குறைஞ்சது 1 மீட்டர் மேல இருக்கணும், சீல்லேர்ந்து பாட்டுக்கு போற சூடான லைன் முழுக்க மேல ஏறிக்கிட்டே போகணும், நடுவுல எங்கயும் மேடு பள்ளம் கூடாது, எல்போவுக்கு பதிலா பெருசா வளைச்ச பென்ட் நல்லது. சீலுக்குள்ள இருந்து ஆயில சுத்த வைக்கிற பம்பிங் ரிங் குடுக்கிற ஹெட் ரொம்ப சின்னது, ஒரு காத்து குமிழ் ஒரு வளைவுல மாட்டிக்கிட்டா போதும், சர்க்குலேஷன் நின்னுடும், கேஜ்ல பிரஷர் அழகா 8னு காட்டிக்கிட்டே இருக்கும், உள்ள சீல் வெந்துகிட்டு இருக்கும்.

செட் பண்ற வரிசை இப்படி. பம்ப் சக்‌ஷன் டிஸ்சார்ஜ் ரெண்டும் மூடியிருக்கணும், உள்ள பிராசஸ் இருக்கக்கூடாது. லைன எல்லாம் ஃப்ளஷ் பண்ணி சுத்தம் பண்ணுங்க, புது பைப்ல வெல்டிங் துகள் இருக்கும், அது ஃபேஸுக்கு போனா முதல் நாளே முடிஞ்சது. கார்ட்ரிட்ஜ் சீல்னா செட்டிங் கிளிப் எல்லாம் எடுத்தாச்சான்னு பாருங்க. பேரியர் திரவத்த நார்மல் லெவல் வரைக்கும் மெதுவா நிரப்புங்க, உயரமான பாயின்ட்ல வென்ட் பண்ணுங்க, ஷாஃப்ட கையால நாலஞ்சு சுத்து சுத்துங்க, திரும்ப வென்ட் பண்ணுங்க, லெவல் இறங்கியிருக்கும், திரும்ப நிரப்புங்க. இந்த ரெண்டாவது வென்ட்டதான் எல்லாரும் விட்டுடுவாங்க. அப்புறம் ரெகுலேட்டர முழுசா தளர்த்தி வச்சுட்டு நைட்ரஜன் வால்வ திறங்க, மெதுவா திருகி 8 பாருக்கு கொண்டு வாங்க. நைட்ரஜன் லைன்ல என்ஆர்வி, அதாவது பின்னாடி ஓட விடாத வால்வு, இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா ஹெடர் பிரஷர் விழுற அன்னிக்கு ஆயில் நைட்ரஜன் லைனுக்குள்ள போயிடும்.

இப்ப நைட்ரஜன மூடிட்டு அரை மணி நேரம் கேஜ பாருங்க. பிரஷர் நின்னா நல்லது, இறங்குனா ஃபிட்டிங் எல்லாத்துலயும் சோப்பு தண்ணி அடிங்க. டெஸ்ட் முடிஞ்சதும் நைட்ரஜன் வால்வ மறக்காம திறந்து வைங்க, இத ரெண்டு தடவை சொல்றேன், திறந்து வைங்க. 53ஏல நைட்ரஜன் எப்பவும் லைன்லயே இருக்கணும். மூடி வச்சா கொஞ்சம் கசிஞ்சாலே பிரஷர் இறங்கிக்கிட்டே போகும், அத ஈடு கட்ட நைட்ரஜன் வராது. நைட்ரஜன் இல்லன்னு இன்ஸ்ட்ருமென்ட் ஏர குடுக்கிற பழக்கம் சில இடத்துல இருக்கு, தயவுசெஞ்சு வேணாம், சூடான ஆயில் மேல பிரஷரோட ஆக்ஸிஜன் போகுது, ஆயில் கெடும், தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு. அதே மாதிரி மூடின ரூம்ல நைட்ரஜன வென்ட் பண்ணாதீங்க, வாசனை இல்லாத கேஸ், மூச்சு முட்டுறதுக்கு முன்னாடி எந்த எச்சரிக்கையும் குடுக்காது.

பேரியர் பிரஷர் நின்ன பிறகுதான் சக்‌ஷன் வால்வ திறக்கணும், அப்புறம்தான் ஸ்டார்ட். நிறுத்தும்போது அப்படியே தலைகீழ், முதல்ல பம்ப நிறுத்தி, வால்வு மூடி, கேசிங்க டிரெயின் பண்ணி பிரஷர் பூஜ்யம் ஆன பிறகுதான் பேரியர் பிரஷர எடுக்கணும். இந்த வரிசைய ஒரு அட்டையில எழுதி பாட்லயே தொங்க விடுங்க, நைட் ஷிஃப்ட்ல அவசரமா பம்ப் மாத்துற ஆளுக்கு அது உதவும்.

53பி, இங்கதான் கணக்கு வேணும்

53பில பிளாடர் அக்யூமுலேட்டர், ரப்பர் பைக்குள்ள நைட்ரஜன், வெளிய ஆயில், ரெண்டும் தொட்டுக்காது, அதனால கேஸ் கரையுற பிரச்சனை இல்ல, அதிக பிரஷருக்கும் போகலாம், தனி கூலர் வழியா ஆயில் சுத்தும். ஆனா இதுல நிலையான ஒரு பிரஷர் கிடையாது. ஆயில் கசிய கசிய பிரஷர் இறங்கும், வெயில் அடிச்சா ஏறும், ராத்திரி குளிர்ந்தா இறங்கும். இது புரியாம 53ஏ மாதிரியே ஒரே நம்பர வச்சுக்கிட்டு, காலையில குறைஞ்சிருக்கேன்னு ஏத்துறது மத்தியானம் கூடியிருக்கேன்னு இறக்குறதுன்னு தினம் கை வைக்கிறவங்க இருக்காங்க. கொஞ்சம் உக்காந்து கணக்கு போட்டா இந்த வேலையே இல்ல.

அதே பம்ப எடுத்துக்கலாம். எல்லை 7.4, சுலபத்துக்கு 7.5 வச்சுக்கலாம். கேஸ் கணக்கு எல்லாம் அப்சல்யூட் பிரஷர்லயும் கெல்வின்லயும் போடணும், கேஜ்ல போட்டா தப்பா வரும். அப்சல்யூட்னா வெளிக் காத்தோட 1 பாரையும் சேத்த பிரஷர், அதனால 7.5 கேஜ்னா 8.5 அப்சல்யூட். இடத்தோட குறைஞ்ச வெப்பநிலை 15 டிகிரின்னு வச்சா 288 கெல்வின். பிரீசார்ஜ், அதாவது ஆயில் ஏத்துறதுக்கு முன்னாடி பைக்குள்ள வைக்கிற நைட்ரஜன் பிரஷர், அந்த குறைஞ்சபட்ச பிரஷர்ல 90 சதவீதம்னு எடுத்தா 7.65 அப்சல்யூட், கேஜ்ல 6.65. அக்யூமுலேட்டர்ல 20 லிட்டர் கேஸ் இடம் இருக்குன்னா, பிரஷர் 8.5க்கு ஏறும்போது கேஸ் 18 லிட்டரா சுருங்கியிருக்கும். இதுதான் அலாரம் அடிக்க வேண்டிய இடம். இன்னும் 3 லிட்டர் ஆயில் உள்ள தள்ளினா கேஸ் 15 லிட்டர், பிரஷர் 10.2 அப்சல்யூட், கேஜ்ல 9.2. இது ஃபுல் ஃபில். அதாவது 15 டிகிரில 9.2லேர்ந்து 7.5 வரைக்கும் இறங்க 3 லிட்டர் ஆயில் செலவாகும். ஏபிஐ 682ல ரீஃபில் பண்றதுக்கு நடுவுல குறைஞ்சது 28 நாள் தாங்கணும்னு இருக்கு, 3 லிட்டர 28 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 107 எம்எல், மணிக்கு நாலரை எம்எல் கிட்ட. உங்க சீல் அதுக்கு மேல குடிச்சா ஏதோ சரியில்லன்னு அர்த்தம்.

இப்ப வெயில். அதே ஃபுல் ஃபில் 45 டிகிரில, 318 கெல்வின்ல, 10.2 பெருக்கல் 318 வகுத்தல் 288, 11.26 அப்சல்யூட், கேஜ்ல 10.26 காட்டும். ஒரு சொட்டு ஆயில் சேக்கல, 1 பாருக்கு மேல ஏறிடுச்சு. அதே மாதிரி அலாரம் பாயின்ட்டும் 30 டிகிரில 7.9, 45 டிகிரில 8.4 ஆகிடும். அதனால மத்தியானம் 45 டிகிரில கேஜ் 8 காட்டுதுன்னா, 7.5க்கு மேலதானேன்னு நிம்மதியா போயிடாதீங்க, ஆயில் அளவுபடி பாத்தா ஏற்கனவே அலாரத்துக்கு கீழ போயாச்சு, ராத்திரி குளிர்ந்ததும் எல்லைக்கு கீழ விழும். நல்ல சிஸ்டத்துல டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் சேந்து இந்த கணக்க தானே போடும். அது இல்லாத இடத்துல 5 டிகிரிக்கு ஒரு வரின்னு ஒரு டேபிள் அடிச்சு, ஒவ்வொரு வரிலயும் பிரீசார்ஜ், அலாரம், ஃபுல் ஃபில் மூணையும் எழுதி ஸ்டாண்ட்லயே ஒட்டிடுங்க. ஒரு மணி நேர வேலை, வருஷக்கணக்குல உதவும்.

பிரீசார்ஜ் பண்ணும்போது ஆயில் பக்கம் முழுசா டிரெயின் ஆகி காத்துக்கு திறந்திருக்கணும், இல்லன்னா நீங்க பாக்குறது பிரீசார்ஜ் இல்ல, ஆயில் பிரஷர். சார்ஜிங் கிட்ட மாட்டி நைட்ரஜன மெதுவா விடுங்க, வேகமா விட்டா பை கிழியும். விட்டதும் கேஸ் சூடா இருக்கும், இருபது முப்பது நிமிஷம் ஆற விட்டு திரும்ப படிங்க. அந்த நேரத்து வெப்பநிலைக்கு என்ன வரணுமோ அதத்தான் வைக்கணும், நம்ம உதாரணத்துல 30 டிகிரில சார்ஜ் பண்றீங்கன்னா 6.65 இல்ல, 7.05. பிரீசார்ஜ் அதிகமாயிட்டா அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே பை கீழ வந்து ஆயில் போற வாயில உக்காந்துடும், அப்புறம் பிரஷர் சட்டுனு விழும், ஓடி வர்றதுக்கு நேரம் இருக்காது. குறைவா இருந்தா அக்யூமுலேட்டர்ல பெரும்பகுதி ஆயிலே ரொம்பி கேஸ் இடம் சின்னதாயிடும், கொஞ்சம் கசிவுக்கே பிரஷர் எகிறி எகிறி குதிக்கும். அப்புறம் ஹேண்ட் பம்ப்ல ஆயில் ஏத்தி, வென்ட் பண்ணி, அன்னிக்கு வெப்பநிலைக்கான ஃபுல் ஃபில் நம்பர்ல நிறுத்துங்க.

53சி பத்தி சுருக்கமா. அதுல பிஸ்டன், சேம்பர் பிரஷர ஒரு ரெஃபரன்ஸ் லைன்ல எடுத்து அதவிட பத்து சதவீதம் மாதிரி கூட்டி குடுக்கும், கூட ஸ்பிரிங் கொஞ்சம் சேக்கும். சேம்பர் பிரஷர் ஏறி இறங்குற பம்புக்கு இது அருமை, பின்னாடியே போகும். ஆனா சேம்பர் பிரஷர் கம்மியா இருந்தா பத்து சதவீதம்ங்கிறது ஒண்ணுமே இல்ல, 5 பாருக்கு அரை பார்தான், மீதிய ஸ்பிரிங் குடுக்கணும், குடுக்குதான்னு பாருங்க. பிராசஸ் அழுக்கா இருந்தா ரெஃபரன்ஸ் லைன் அடைச்சுக்கும், பிஸ்டன் மாட்டிக்கும். 54ங்கிறது வெளிய தனி பம்ப், கூலர், ஃபில்டர்னு ஒரு முழு சிஸ்டம், அங்க ரெண்டு மூணு பம்புக்கு ஒரே கன்சோல் வச்சா ஒரு சீல் போனாலும் எல்லாத்துக்கும் அழுக்கு பரவும், எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கிறதில்ல.

திரவத்தப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா பிரஷர் சரியா வச்சும் திரவம் தப்புன்னா அதே ரிசல்ட்தான். அது பிராசஸோட ஒத்துப்போகணும், ஏன்னா கொஞ்சம் உள்ள போகத்தான் போகுது. கொதிநிலை அது சந்திக்கிற வெப்பநிலைய விட குறைஞ்சது 28 டிகிரி மேல இருக்கணும். ரொம்ப திக்கான ஆயில் பம்பிங் ரிங்குக்கு நகராது. கிளைக்கால் தண்ணி போடுறவங்க வண்டிக்கு ஊத்துற கூலன்ட்ட ஊத்தாதீங்க, அதுல இருக்கிற அடிட்டிவ் ஃபேஸ்ல படியும், ஜெல் மாதிரி ஆகும். ஆக்ஸிடைசர் பம்ப் பண்ற இடத்துல மினரல் ஆயில் பக்கமே போகக்கூடாது.

ஓட ஆரம்பிச்ச பிறகு

ஒரு கால் மணி நேரம் கழிச்சு டெம்பரேச்சர் கன் எடுத்துட்டு போய் சீலுக்கு போற லைனையும் சீல்லேர்ந்து வர்ற லைனையும் பாருங்க. கிளைக்கால் தண்ணி, டீசல் மாதிரி திரவம்னா வித்தியாசம் 8 டிகிரிக்குள்ள, மினரல் ஆயில்னா 16 டிகிரிக்குள்ள இருக்கணும்ங்கிறது ஏபிஐ சொல்ற அளவு. ரெண்டு லைனும் பக்கத்து பைப் மாதிரியே குளிர்ச்சியா இருந்து கிளாண்ட் மட்டும் கொதிச்சா சர்க்குலேஷன் இல்ல, காத்து மாட்டியிருக்கு இல்லன்னா பம்ப் தப்பான திசையில சுத்துது, பம்பிங் ரிங் சிலது ஒரு திசைக்கு மட்டும்தான் வேலை செய்யும். கூலிங் வாட்டர் வால்வு திறந்திருக்கான்னும் ஒரு கண் பாத்துடுங்க.

அதுக்கப்புறம் லெவலும் பிரஷரும் சேத்து படிக்கணும், ஒண்ண மட்டும் பாத்தா பாதி கதைதான் தெரியும். 53ஏல பிரஷர் அப்படியே இருக்கு, லெவல் மெதுவா இறங்குது, கிளாண்ட்ல சொட்டு தெரியுதுன்னா வெளி சீல். சொட்டே இல்ல, ஆனா லெவல் இறங்குதுன்னா ஆயில் பிராசஸுக்குள்ள போகுது, உள் சீல். லெவல் ஏறுதுன்னா உடனே ஓடுங்க, பிராசஸ் உள்ள வருது, அப்படின்னா பேரியர் பிரஷர் விழுந்திருக்கணும் இல்ல சேம்பர் பிரஷர் நீங்க நினைச்சத விட மேல போயிருக்கணும். புதுசா ஸ்டார்ட் பண்ணி சூடு ஏறும்போது திரவம் விரிஞ்சு லெவல் கொஞ்சம் ஏறுறது வேற, அது ஒரு இடத்துல நின்னுடும். லெவல் ஏறினா ரெகுலேட்டர திருகி மூடி மறைக்காதீங்க, முதல்ல ஒரு கிளாஸ்ல சாம்பிள் எடுத்து நிறம், வாசனை பாருங்க, கலந்திருந்தா பிரஷர சரி பண்றதோட விட்டுடாம திரவத்தையும் முழுசா மாத்தணும், பழைய கலந்த திரவத்தோட ஓட்டினா வெளி சீல் கொஞ்ச நாள்ல போகும்.

ஓடும்போது லெவல் இறங்கினா பாட் பிரஷர எடுத்துட்டு மூடிய திறந்து ஊத்துறது மட்டும் கூடவே கூடாது, ஹேண்ட் பம்ப்ல பிரஷரோடயே உள்ள தள்ளுங்க. எத்தனை எம்எல் தள்ளினீங்க, எந்த தேதி, அப்ப வெப்பநிலை என்னன்னு எழுதி வைங்க. இன்னொண்ணு கேஜ் யூனிட், ஒரு கேஜ்ல பார், இன்னொண்ணுல பிஎஸ்ஐ, ஒண்ணுல கிலோன்னு கலந்து மாட்டியிருப்பாங்க, 1 பார்னா 14.5 பிஎஸ்ஐ, 1.02 கிலோ, கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பிஎஸ்ஐ கேஜ மட்டும் குழப்பிக்காதீங்க. சேம்பர் பிரஷரும் பேரியர் பிரஷரும் ரெண்டு வேற கேஜ்ல படிக்கிறதால, வித்தியாசம் வெறும் 1.4 பார்ங்கிறப்ப, ஒரு கேஜ் அரை பார் தப்பா காட்டினாலே மூணுல ஒரு பங்கு மார்ஜின் காணாம போயிடுது, முடிஞ்சா ரெண்டையும் ஒரே நாள்ல காலிபிரேட் பண்ணி மாட்டுங்க, வேர் ரிங் மாத்துற ஒவ்வொரு ஓவர்ஹாலுக்கு அப்புறமும் சேம்பர் பிரஷர புதுசா படிச்சு, பாட்ல தொங்குற அந்த அட்டையில பழைய நம்பர அடிச்சுட்டு புதுச எழுதிடுங்க.